லயத்துக் கோடியில் விளைந்த வரலாறு

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குப் பயணம் செய்தவர்களுக்கு இறம்பொடையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி, கீழே விரிந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கம், எதிரே சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் ஆலயம் என்று பயணிகளை நிறுத்தி வைக்கும் காட்சிகள் அங்கே பல உண்டு. வளைவுக்கு வளைவு வீதியோர மரக்கறிக் கடைகளும் உண்டு. இலையோடு கட்டித் தொங்கவிட்ட முள்ளங்கியும், கழுவி அடுக்கிய கரட்டும், கோவாவும், லீக்ஸும் பேருந்தின் யன்னல் வழியே பார்ப்பவரையும் வாங்கத் தூண்டும்.

இக்கட்டுரை அந்தக் கடைகளைப் பற்றியதல்ல. வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, லயங்களின் பின்புறத்தே, கோடிப்பக்கத்தில் இருக்கும் சிறு துண்டு நிலங்களைப் பற்றியது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வந்துவிட்டன. தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் மரக்கறித் தோட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை அந்தத் துண்டு நிலத்தில் நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று எண்ணியதன் விளைவே இது.

முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும். மேலைநாடுகளில் இலையுதிர் காலம் என்பது அறுவடைக்கும் சேமிப்புக்கும் உரிய காலம். வரப்போகும் பனிக்காலத்துக்காகக் காய்களையும் பழங்களையும் போத்தல்களில் அடைத்து வைப்பார்கள். நமது மலைகளில் இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. ஆனால் அதற்கு நிகரான ஓர் இடைவெளி உண்டு. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாசியளவில் தணியும். ஐப்பசியில் பிற்பகல் இடிமழை தொடங்கும். இவை இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் வெயில் நாட்களில்தான் லயத்துக் கோடியில் அவரையும் போஞ்சியும் முற்றும், பூசணி நிறம் மாறும், கிழங்குகள் தோண்டப்படும். தீபாவளியும் அதையொட்டியே வரும்.

அவ்விளைச்சலில் ஒரு பகுதியை எடுத்து வைக்க வேண்டிய தேவையும் இருந்தது. தை முதல் பங்குனி வரையிலான காலம் மலையகத்தில் வறட்சியும் குளிரும் கலந்த காலம். கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும், அரைப்பேர் விழும், சம்பளம் குறையும். அதே மாதங்களில் கோடித் தோட்டத்துக்கும் நீர் கிடைக்காது. கையில் பணமும் கொடியில் காயும் ஒருசேரக் குறையும் காலம் அது. மேலைநாட்டாருக்குப் பனிக்காலம் எதுவோ, அதுவே தோட்டத் தொழிலாளிக்கு இந்த மூன்று மாதங்கள்.

வெயில் நாட்டின் அறிவு, பனி நாட்டின் வீடு

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலையேறிய மக்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலான பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவை வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள். உணவைப் பாதுகாக்கும் அவர்களின் கலை முழுவதும் வெயிலை நம்பியது. கத்தரி, சுண்டை, கொத்தவரை, மணித்தக்காளி ஆகியவற்றை உப்பிட்டுக் காய வைத்தால் வற்றல். மிளகாயை மோரில் ஊற வைத்துக் காய வைத்தால் மோர்மிளகாய். கூழைப் பிழிந்து காய வைத்தால் வடகம். இதன் சூத்திரம் எளியது. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. மீந்த நீரை வெயில் உறிஞ்சுகிறது. நீரில்லாத இடத்தில் பூஞ்சணமும் கிருமியும் வாழ்வதில்லை.

இந்த அறிவைச் சுமந்துகொண்டு அவர்கள் வந்து சேர்ந்த மலையிலோ, காலையில் காயப்போட்ட பாயை மதியத்துக்குள் மூடுபனி வந்து மூடிவிடும். மூன்று நாள் வெயில் தொடர்ந்து கிடைப்பதே அரிது. அரைகுறையாகக் காய்ந்த வற்றல் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போகும். போதாததற்கு, குடியிருக்கக் கிடைத்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒற்றைக் காம்பிரா. முற்றம் என்று சொல்லத்தக்க இடம் பலருக்கு இல்லை.

ஆகவே வெயிலின் வேலையை அடுப்பு ஏற்றுக்கொண்டது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் தேயிலை மிலாறுதான் லயத்தின் விறகு. அந்த மிலாறு எரியும் அடுப்புக்கு மேலே, கூரைக்குக் கீழே, கம்பியிலோ கயிற்றிலோ தொங்கியவை பல. அடுத்த போகத்துக்கான சோளக்கதிர், விதைக்கென முற்றவிட்ட அவரைக்காய், போஞ்சி, காய்ந்த மிளகாய், எப்போதாவது கிடைத்த இறைச்சித் துண்டு. சூடு ஈரத்தைப் போக்கியது. புகையிலுள்ள பொருட்கள் பூஞ்சணத்தையும் பூச்சியையும் தள்ளி வைத்தன. காய்ந்த விதைகளை அடுப்புச் சாம்பலோடு கலந்து போத்தலில் அடைத்து வைப்பதும் வழக்கம். உலர்ந்த சாம்பல் வண்டின் உடலை உராய்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று இன்று விவசாய விஞ்ஞானம் விளக்குகிறது. அந்த விளக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சாம்பல் போத்தல்கள் இருந்தன.

முற்றிய பூசணியைக் காம்போடு அறுத்து, நிலத்தில் படாமல் பரணில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். காம்பு உடைந்தால் அவ்வழியே அழுகல் நுழையும். உருளைக்கிழங்கை வெளிச்சம் படாத மூலையில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறிய கிழங்கில் சொலனின் என்னும் நச்சுப் பொருள் கூடும். தேசிக்காயை நான்காகக் கீறி, உப்பைத் திணித்து, சாடியில் அடைத்து, வெயில் கண்ட நாட்களில் மட்டும் வெளியே வைத்தெடுத்தால் ஆண்டுக் கணக்கில் கெடாது. சிங்களக் கிராமங்களில் 'லுணு தெஹி' என்று வழங்கும் அதே ஊறுகாய்தான் இது. எண்ணெய் விலையேறிய பண்டமாயிருந்த லயத்தில், தமிழகத்து எண்ணெய் ஊறுகாயைவிட உப்பிலும் தென்னை வினாகிரியிலும் போடும் அச்சாறு எளிதாக வேர்கொண்டதில் வியப்பில்லை.

பங்களாவிலிருந்து லயத்துக்கு

கோடித் தோட்டத்தில் விளைந்தவற்றின் வரலாறும் சுவையானது. கோவா, கரட், பீட்ரூட், லீக்ஸ், நோக்கோல் எவையும் தொழிலாளர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்தவை அல்ல. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவை ஆங்கிலேயரின் ஆரோக்கிய வாசஸ்தலமாக ஆக்கினார். 1848இல் அங்கு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டு வந்து ஓர் ஆங்கிலப் பண்ணையையே நிறுவ முயன்றார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அதே பேக்கர்தான். இறம்பொடைக் கணவாயின் வழியேதான் அவருடைய பயணங்களும் நடந்தன. அவர் 1855இல் நாடு திரும்பிவிட்டார். மரக்கறிகள் தங்கிவிட்டன. 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவும் மேலைநாட்டுத் தாவரங்கள் மலையில் பழகுவதற்கு உதவியது.

நீலகிரியில் ஜோன் சலிவன் ஆங்கில மரக்கறிகளைப் பயிரிட்ட கதையும் இதைப் போன்றதே. அது இதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது. பிற்காலத்தில் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியில் கண்ட கரட்டும் கோவாவும் அவர்களுக்குப் புதியவையாக இருந்திருக்க மாட்டா.

துரைமாரின் பங்களாக்கள் ஒவ்வொன்றிலும் மரக்கறித் தோட்டம் இருந்தது. அதில் மண் கொத்தியவரும், சமையலறையில் கோக்கிக்குத் துணை நின்றவரும் லயத்து மனிதர்களே. விதையும் நாற்றும் பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கிய வழி அதுதான் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறங்கி வந்த மரக்கறி தமிழ்ச் சமையலாக மாறியது. கோவா தேங்காய்ப்பூவும் மிளகாயும் சேர்ந்த சுண்டலாயிற்று. நோக்கோல் புளிக்குழம்புக்குள் போயிற்று. வெள்ளைக்காரர் வெட்டியெறிந்த பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் கீரைக்கறியாயின. எதையும் வீசாத கை, தான் அறியாத மரக்கறியிலும் தனக்குரிய பகுதியைக் கண்டுகொண்டது.

கப்பல் நின்றபோது

இங்கே ஒரு கேள்வி எழலாம். சேமிக்க வேண்டியதைச் சேமிக்க, ஊரிலிருந்து வற்றல் வந்துகொண்டிருந்ததே, பின் ஏன் இத்தனை பாடு? உண்மைதான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கிய பிறகு, போக்குவரத்து எளிதாயிற்று. கலியாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் போய்த் திரும்பியவர்கள், பொட்டலங்களில் வற்றலும் வடகமும் புளியும் கொண்டு வந்தார்கள். மலையில் காயாததை ஊர் காய வைத்துத் தந்தது.

இந்த வழி படிப்படியாக அடைபட்டது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் 5ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. பர்மாவின் அரிசியை உண்டு வாழ்ந்த தோட்டங்களுக்கு அந்த அரிசி இல்லாமற் போயிற்று. அதுவரை தோட்டத்தில் அரிசி என்பது சம்பளத்தோடு பிணைந்த ஒன்று. தோட்ட நிர்வாகமே அரிசி வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் அந்த அரிசியையும் கணக்கில் கொண்டே எழுதப்பட்டது. போர்க்காலப் பங்கீட்டில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. இன்று மலையகத்தின் அடையாளமாகிவிட்ட ரொட்டி, பஞ்சத்தின் பிள்ளை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பிரித்தானியாவில் 'வெற்றிக்காகத் தோண்டுவோம்' என்று அரசே பூங்காக்களைக் கொத்தச் சொன்ன காலம் அது. இலங்கையிலும் உணவு உற்பத்தி இயக்கம் நடந்தது. தோட்டங்களிலும் உணவுப் பயிர் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டது. அதுவரை துரையின் தயவில் கிடைத்த கோடித் துண்டு, சில ஆண்டுகளுக்குத் தேசத்தின் தேவையாயிற்று. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி.எஸ். சேனாநாயக்க. ஆறு ஆண்டுகளின் பின், 1948இல், அவர் பிரதமராக இருந்தபோதுதான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டுக்காகப் பயிர் செய்யுமாறு கேட்கப்பட்ட மக்கள், நாட்டுக்குரியவர் அல்லர் எனப்பட்டனர்.

அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் ஊர்ப்பயணத்தையும் கடவுச்சீட்டுக்கும் அனுமதிக்கும் உட்பட்டதாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. அந்தக் கப்பலின் கடைசிப் பயணங்கள் மக்களை ஒரு திசையில் மட்டுமே பெரிதும் சுமந்தன. ஊர் வற்றல் வந்த பாதை, உறவுகளைப் பிரித்து அனுப்பும் பாதையாயிற்று. மலையில் தங்கியவர்களுக்கு அடுப்புப் பரணை விட்டால் வேறு களஞ்சியம் இல்லை.

பஞ்சமும் நிலமும்

அந்தப் பரண் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 1973ஆம், 1974ஆம் ஆண்டுகள் சோதித்தன. உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறியிருந்தன. இறக்குமதி சுருங்கியது, பங்கீடு குறைந்தது. கிராமத்து விவசாயிக்கு வயலும் தென்னையும் பலாவும் ஓரளவு கைகொடுத்தன. தோட்டத் தொழிலாளிக்கு வயல் இல்லை; வேலை நாட்களும் குறைந்தன. பட்டினியாலும் நோயாலும் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. நகரத் தெருக்களில் மலையக மக்கள் கையேந்தி நின்ற காட்சியை அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டுவோர் காணலாம். மரவள்ளியும் பூசணியும் கீரையும் விளைந்த கோடித் துண்டு இருந்த குடும்பமும், அது இல்லாத குடும்பமும் ஒரே லயத்தில் அடுத்தடுத்து இருந்தன. உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே சில அடி நிலம் கிடந்தது.

அந்த நிலத்தின் மீது தொழிலாளிக்கு உரிமை இருக்கவில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, பயன்பெற்றோர் பட்டியலில் அங்கேயே தலைமுறைகளாக உழைத்தவர்கள் இடம்பெறவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உரிமையாளர் மாறினாலும் கோடித் துண்டின் நிலைமை மாறவில்லை. நிர்வாகம் விரும்பும்வரை பயிர் செய்யலாம். வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும்.

சேமிப்பு என்பதன் பொருளை இங்கேதான் நான் உணர்கிறேன். விதையைப் புகையில் காய வைத்துச் சாம்பலில் அடைப்பவர், அடுத்த போகத்திலும் இதே மண் தமக்கு இருக்கும் என்று நம்புகிறார். எழுத்தில் எந்த உறுதியும் இல்லாத மக்கள், ஒவ்வொரு புரட்டாசியிலும் அந்த நம்பிக்கையைப் போத்தலில் அடைத்து வைத்தார்கள். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுவதும் கொழுந்து பறித்து, நிறுவையில் நின்று, வீடு திரும்பிய பிறகு எஞ்சிய வெளிச்சத்தில் செய்த வேலை அது. எந்தச் செக்ரோலிலும் அதற்குப் பேர் விழுந்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறை

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. தேயிலையும் மரக்கறியும் ஒருசேர அடிவாங்கின. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. அடுத்த ஆண்டு நாடே பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. கோதுமை மாவின் விலை ஏறியபோது, ரொட்டியை நம்பிய லயங்களே முதலில் அடிபட்டன. 2022 ஜூனில் அமைச்சரவை ஒரு முடிவு செய்தது. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்து உணவு விளைவிப்பதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை!

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக விடுமுறையின்றி வீட்டுத்தோட்டம் செய்த மக்கள், அந்த அறிவிப்பை எவ்வாறு கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாட்டுக்கு அன்று வேண்டியிருந்த பாடம் அவர்களிடம் இருந்தது. பாடம் நடத்த அவர்களுக்குச் சொந்தமாக ஒரு நிலம்தான் இருக்கவில்லை.

2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியோடும் வீடுகள் கட்டப்பட்டன. பின்னர் 10 பேர்ச் என்றும் பேசப்படுகிறது. இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, கழிவறைக் குழி, பாதை, மலைச்சரிவைத் தாங்கும் மண்ணணை ஆகியவை போக எஞ்சுவதில்தான் பூசணிக் கொடி படர வேண்டும். வீட்டைக் கணக்கிடுவோர் கோடியைக் கணக்கிடுவதில்லை. பழைய லயத்தை விட்டுப் புதிய வீட்டுக்குப் போகும் குடும்பம், மூன்று தலைமுறை எருவிட்டுப் பண்படுத்திய மண்ணையும் விட்டுவிட்டே போகிறது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலையகத்தைக் குலைத்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் உயிர்களை விழுங்கின. வீதிகள் அறுந்தன. வீதி அறுந்த நாளில் கடைக்கு மா வராது. நுவரெலியாவின் கரட்டும் கொழும்புக்குப் போகாது. அப்போது ஒரு வீட்டில் உண்ண என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, பரணைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். சரிவான, ஆபத்தான இடங்களில் இருந்து மக்களை அகற்றிக் குடியமர்த்த வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. குடியமர்த்தும் இடத்தில் கொத்திப் பயிரிடப் போதிய மண்ணும், அந்த மண்ணுக்கு உறுதிப் பத்திரமும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதை அது. அவர்கள் கொண்டு வந்தவற்றுள் மூட்டை முடிச்சுகளைத் தவிர, காயை எப்படிக் காய வைப்பது என்ற அறிவும் இருந்தது. மலை அந்த அறிவை மாற்றிக்கொள்ளச் செய்தது. அவர்களும் மாற்றிக்கொண்டார்கள்.

இன்று எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளில் புகையும் இல்லை. பரணில் கதிரும் இல்லை. புகையில் இருமிய பெண்களின் நெஞ்சை எண்ணினால், அது போனதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் எந்த அவரை எந்த உயரத்தில் காய்க்கும், எந்தப் பூசணி தை வரை தாங்கும் என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். உலகின் எந்த மூலையிலிருந்து இதைப் படித்தாலும், உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருப்பாரானால், இந்தப் புரட்டாசிக்குள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விதையைப் போலவே அதையும் ஈரம் படாமல் காக்க வேண்டியிருக்கிறது.